குடியிருக்கத் தக்க ஊர்

உண்ண உணவும், உடுக்க உடையும், இருக்க இடமும் மக்கட்கு இன்றியமையாதன என்பது யாவரும் அறிந்ததே. இவற்றுள் உணவையும் உடையையும் பற்றி நாம் நாள்தோறும் எண்ணுகின்றோம். இருக்கும் இடத்தைப் பற்றியோ, அது நம்மைவிட்டு நீங்கும் காலம் வருமளவும் எண்ணுவதில்லை. மீன் நீரைப் பற்றி எண்ணாதது போலவும், பறவை காற்றைப் பற்றி எண்ணாதது போலவும், மனிதன் தான் பிறந்து வளர்ந்த தெருவைப் பற்றி எண்ணாமலே வாழ்ந்துவிடுகின்றான்.

சென்ற ஆண்டு ஆடித் திங்களில் எண்ணியே தீரவேண்டிய காலம் நமக்கு வந்தது. பெரம்பூரில் நாம் வாடகைக்கு இருந்த வீட்டுக்குரியவர் ஒருநாள் மாலை வந்தார். திண்ணையில் அமர்ந்து, நம் பாட்டியாராகிய ஆச்சி கொடுத்த காப்பியை அருந்தியபின், வீடு மிகப் பழையதாகிவிட்டமையால் அதனை இடித்து அடுக்குமாடி எழுப்பக் கருதியிருப்பதாகவும், தைத் திங்களுக்குள் வேறிடம் பார்த்துக்கொள்ளுதல் நலம் என்றும் மிக்க வருத்தத்துடன் கூறினார். அவர்மீது குறை கூறுதற்கில்லை. வாடகையை உயர்த்த நேர்ந்தபோதெல்லாம் நம்மினும் மிகுதியாகக் கூச்சப்பட்டவர் அவர். அவர் சென்றபின், "ஆடியிலே குடிபோகக் கூடாது என்பார்கள், ஆடியிலே குடி எழுப்பவும் கூடாது என்று ஒருவரும் சொல்லி வைக்கவில்லையே!" என்று ஆச்சி கூறியது கேட்டு நாம் நகைத்தோம். ஆச்சி நகைக்கவில்லை.

நம் குடும்பத்தில் நால்வரே உளர். தந்தையார் பிராட்வேயில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவர். தாயார் பெரம்பூரில் ஒரு தொடக்கப்பள்ளியின் ஆசிரியை. ஆச்சி, நாற்பது ஆண்டுகட்கு முன்னர்த் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாத்தாவின் கைபிடித்துப் பெரம்பூருக்கு வந்தவர். நான்காமவர் நாம், பெரம்பூரிலிருந்து நாள்தோறும் இரண்டு இரயில் மாறித் தாம்பரத்திலுள்ள நமது கல்லூரிக்கு வந்து தமிழ் பயில்பவர்.

தாத்தாவைப் பற்றி ஈண்டு ஒன்று கூறவேண்டும். அவர் இரயில்வேப் பட்டறையில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவர். 2021 ஆம் ஆண்டு மே மாதம், கொரோனா என்னும் கொள்ளைநோயின் இரண்டாம் அலை சென்னையைச் சூழ்ந்திருந்த நாட்களில், ஓர் இரவு நெஞ்சுவலி கண்டு இறந்தார். நோய் இன்னதென்று அறியாத நிலையில் பிணத்தண்டை செல்ல உற்றாரும் அஞ்சிய காலம் அது. நம் சுற்றத்தார் தொலைபேசியில் அழுதனர். சபையார் தொலைபேசியில் ஜெபித்தனர். அவர்களைக் குற்றங் கூறோம். அக்காலத்தின் இயல்பு அது. ஆனால், விடியுமுன் நம் வாயிலில் நால்வர் வந்து நின்றனர். ஒருவர் தெருமுனைத் தையற்கடைப் பாய். ஒருவர் வண்டியில் துணி தேய்த்துக் கொடுப்பவர். மற்றையிருவர் ஐந்தாம் வீட்டு அண்ணன் தம்பியர். முகத்தை மூடிக்கொண்டு, கையில் உறை மாட்டிக்கொண்டு, ஒரு சொல்லும் பேசாது தாத்தாவைத் தூக்கி வண்டியில் வைத்தவர் அவர்களே. அந்நால்வருள் ஒருவரேனும் நம் சபையைச் சேர்ந்தவர் அல்லர்.

ஆதலால், வீடு மாறுதலைப் பற்றிப் பேச்செழுந்த முதலிரவே ஆச்சி ஒரே ஒரு வினாவை எழுப்பினார். "எந்த ஊருக்கு வேண்டுமானாலும் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே நாம் செத்தால் தூக்குவதற்கு நாலு பேர் உண்டா? அதை மட்டும் கேட்டுக்கொண்டு வந்து சொல்லுங்கள்."

இவ்வினாவிற்கு விடை தேடிய வரலாறே இக்கட்டுரை.

தந்தையாருடன் வேலைபார்க்கும் ஒருவர் வழியாகப் பல்லாவரத்தில் ஒரு வீடு இருப்பது தெரியவந்தது. இரண்டு அறைகளும், ஒரு கூடமும், முன்னால் ஒரு வேப்பமரமும் உடைய தனிவீடு. பெரம்பூரில் இப்பொழுது புதிதாய்க் கேட்கும் வாடகையினும் 3,000 ரூபாய் குறைவு. "மிக அமைதியான இடம்" என்பது அந்நண்பர் அதற்கு அளித்த நற்சான்று.

சென்னையை ஒரு மரத்தை அறுத்தாற்போல வளையம் வளையமாகக் கருதிப் பார்த்தல் எளிது. ஜார்ஜ் டவுன், திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், பெரம்பூர் முதலியன உள்வளையம். அங்கே வீடு கிடைத்தல் அரிது, கிடைப்பினும் வாடகை ஏறும். வண்டலூர், கூடுவாஞ்சேரி முதலியன புறவளையம். 2023 ஆம் ஆண்டு டிசம்பரில் கிளாம்பாக்கத்துப் பேருந்து நிலையம் திறந்தபின் அவ்வளையம் நாளுக்குநாள் விரிகின்றது. இவ்விரண்டிற்கும் நடுவே, நகரமென்றும் சிற்றூரென்றும் துணிந்து கூறவொண்ணாதபடி கிடக்கும் ஊர்கள் நங்கநல்லூர், பல்லாவரம், குரோம்பேட்டை முதலியன. 1931 ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்சார இரயில் ஓடத்தொடங்கிய பின்னர், அவ்விருப்புப் பாதையை அடுத்து, நகரத்திலே உழைத்து ஊரிலே உறங்க விரும்பியவர் பலர் மனை வாங்கி வீடு கட்டினர். அவ்வகை வீடுகளுள் ஒன்றே நமக்குச் சொல்லப்பட்டதும்.

இரவு உணவிற்குப்பின் நால்வரும் அமர்ந்து ஊதியமும் இழவும் கணக்கிட்டோம். நமக்கு ஊதியம் பெரிது. பல்லாவரத்திற்கும் தாம்பரத்திற்கும் இடையே குரோம்பேட்டை, தாம்பரம் சானடோரியம் என்னும் இரண்டு நிலையங்களே உள. தந்தையார்க்கு ஊதியமுமில்லை, இழவுமில்லை. ஒரே இரயிலில் ஏறிக் கோட்டை நிலையத்தில் இறங்கலாம். தாயார்க்கோ இழவே. பல்லாவரத்திலிருந்து பூங்கா நிலையம், அங்கிருந்து சென்ட்ரல், அங்கிருந்து பெரம்பூர் என்று நாள்தோறும் போகவர மூன்று மணிநேரம் கழியும். இதுவரை நாம் பட்ட பாட்டை இனி அவர் படவேண்டும். தாயார் அக்கணக்கைத் தாமே தாளில் எழுதிப் பார்த்து, ஒன்றுங் கூறாது மடித்து வைத்தார். அம்மடிப்பை நாம் கண்டும் காணாதவர் போல் இருந்தோம் என்பதை நாணத்துடன் ஒப்புக்கொள்ளுகின்றோம்.

ஓர் ஊரை ஒரு முறை கண்டு முடிவு செய்தல் ஆகாதென்று தந்தையார் கூறினார். அச்சுத்தாளை ஒரு முறை படித்துப் பிழையில்லையென்று கையொப்பமிடுபவன் மெய்ப்புத் திருத்துபவன் ஆகான் என்பது அவர் கொள்கை. எனவே நான்கு வேளைகளில் சென்று பார்ப்பதென்று துணிந்தோம். விடுமுறைநாட் காலை ஒன்று; வேலைநாட் பகல் ஒன்று; இரவு ஒன்று; மழைநாள் ஒன்று.

முதன்முறை நாம் மட்டும் சென்றோம். அன்று ஒரு விடுமுறை நாட்காலை. இரயிலிலிருந்து இறங்கியதும் மலை தோன்றிற்று. அதனைக் கண்டவுடன் நம் உள்ளத்திலிருந்த தமிழ் மாணவன் விழித்துக்கொண்டான். பல்லவபுரம் என்பதே பல்லாவரம் என மருவிற்று என்பர். 7 ஆம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் இம்மலையைக் குடைந்து ஒரு கோயில் எடுத்துத் தன் விருதுப்பெயர்களைக் கல்லில் பொறித்தான். அக்குடைவரை இன்று முகம்மதிய அன்பர்கள் வழிபடும் தர்காவாக விளங்குகின்றது. அவனுக்கும் எண்ணிலா ஆண்டுகட்கு முன்னர் இங்கே மனிதர் வாழ்ந்தனர். 1863 ஆம் ஆண்டில் இராபர்ட்டு புரூசு பூட்டு என்னும் நிலநூல் வல்லார் இவ்வூரிலே ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்திய நாட்டின் பழைய கற்கால ஆராய்ச்சிக்கு அதுவே வாயிலாயிற்று.

இவையெல்லாவற்றினும் நம்மை ஈர்த்தது வேறொன்று. மறைமலையடிகள் 1898 ஆம் ஆண்டு முதல், நமது கல்லூரி ஜார்ஜ் டவுனில் இருந்த காலத்து, பரிதிமாற்கலைஞரோடு ஒருங்கிருந்து தமிழ் கற்பித்தவர். 1911 ஆம் ஆண்டு கல்லூரியினின்றும் நீங்கிய அவர் குடிபுகுந்த ஊர் பல்லாவரம். அங்கேயே கழகம் நிறுவி, அங்கேயே அச்சுக்கூடம் அமைத்து நூல்களை வெளியிட்டு, 1950 ஆம் ஆண்டு மறையுமளவும் அங்கேயே வாழ்ந்தார். 1916 ஆம் ஆண்டில் அவர் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் பல்லாவரத்தின் அமைதியில் வளர்ந்த பயிரே. அவர் சமயம் வேறு, நம் சமயம் வேறு. எனினும், அவர் நடந்த தெருக்களில் நாமும் நடப்போம், அவர் இருந்து எழுதிய ஊரில் நாமும் இருந்து படிப்போம் என்ற எண்ணம் நம்மை மகிழ்ச்சிக் கடலில் ஆழ்த்திற்று. நாம் பார்க்கச் சென்ற தெரு மெய்யாகவே அமைதியாக இருந்தது. வேப்பம்பூக்கள் உதிர்ந்து கிடந்த வாயிலில் ஓர் அணில் நின்று நம்மை நோக்கிற்று. திருவள்ளுவர் நாடு என்னும் அதிகாரத்தில் நாட்டிற்கு உறுப்பாகக் கூறிய நீரும் மலையும் ஈண்டு உள்ளன என்று நமக்குள்ளே கூறிக்கொண்டு வீடு திரும்பினோம்.

இவற்றையெல்லாம் நாம் எடுத்துரைப்பதைத் தந்தையார் பொறுமையுடன் கேட்டார். பின்னர், "கற்கருவி கிடைத்த இடத்தில் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்தாயா?" என்றார். நாம் பார்க்கவில்லை.

இரண்டாம் முறை ஒரு வேலைநாட் பகலில் தந்தையாருடன் சென்றோம். இம்முறை தண்ணீரையே முதலிற் பார்த்தோம். ஆழ்துளைக் கிணற்று நீர் குளிக்கவும் துவைக்கவும் ஆகும்; குடித்தற்கு ஆகாது; அதற்குக் கேன் வாங்கவேண்டும் என்று வீட்டைக் காட்டியவர் கூறினார். காரணம் அறியாததன்று. அடுத்துள்ள குரோம்பேட்டைக்கு அப்பெயரே குரோம் என்னும் உலோகவுப்பால் தோல் பதனிட்ட தொழிற்சாலையால் வந்தது. இச்சுற்றுப்புறத்தில் பல்லாண்டு நடந்த தோல் தொழிலின் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்தது. இவ்வூர்ப் பெரிய ஏரியோ, துரைப்பாக்கத்திற்குச் செல்லும் 200 அடிச் சாலையால் இருகூறாக்கப்பட்டு, நெடுங்காலம் குப்பைமேடும் ஆயிற்று. வள்ளுவர் கூறிய உறுப்புக்களுள் மலை இருந்தது. நீர்க்குக் கேன் வந்தது.

அமைதியைப் பற்றியும் அன்று சில அறிந்தோம். மீனம்பாக்கத்து விமான நிலையம் அண்மையில் இருத்தலால், வானூர்தி ஒன்று தாழப் பறக்குந்தோறும் பேச்சை நிறுத்திக் காத்திருக்கவேண்டியிருந்தது. தந்தையார் ஒரு வாக்கியத்தை மூன்று தவணையாகக் கூறி முடித்தார். ஆயினும், அவ்வோசையினும் நம்மை மிகுதியாக உறுத்தியது அதன்பின் வந்த ஓசையின்மையே. பெரம்பூரில் நண்பகலிலும் தெரு பேசும். கீரை விற்பவள் குரலும், குழந்தைகளின் சண்டையும், யாரோ யாரையோ கூப்பிடுவதும் ஓயா. ஈண்டோ எல்லா வாயில்களும் அடைக்கப்பட்டிருந்தன. வெயிலின் களைப்பால் ஒரு வீட்டின் மணியை அழுத்தித் தண்ணீர் கேட்டோம். உள்ளே நாய் குரைத்தது, சன்னற்றிரை சிறிது அசைந்தது, கதவு திறக்கவில்லை. அடுத்த வீட்டிலும் அவ்வாறே. முடிவில் தெருக்கோடியில் கட்டட வேலை செய்துகொண்டிருந்த வடநாட்டு இளைஞர் ஒருவர் தம் புட்டியை நீட்டினார்.

அன்றிரவு ஆச்சி, "என்ன ராசா, நாலு பேர் உண்டா?" என்று கேட்டார். "இன்னும் ஒருவரையும் காணவில்லை, ஆச்சி" என்றோம்.

மூன்றாம் முறை இரவில், தாயாருடன் சென்றோம். வேலை முடிந்து களைத்து வரும் பெண் ஒருத்தி நிலையத்திலிருந்து அவ்வீட்டிற்கு அச்சமின்றி நடந்து வர இயலுமா என்பதே அறியவேண்டியிருந்தது. அன்று வெள்ளிக்கிழமை. பல்லாவரத்து வெள்ளிச்சந்தை பெயர்பெற்றது. பழைய நாற்காலி முதல் பூச்செடி வரை, கைக்கடிகாரம் முதல் கோழிக்குஞ்சு வரை அங்கே கிடைக்கும். கடை கட்டுபவர்களின் ஆரவாரத்தைக் கடந்து வந்தபோது தாயார்க்கு முகம் சற்று மலர்ந்தது. தெருவினுள் புகுந்தபின் விளக்குகள் எரிந்தன, மனிதர் இலர். சில வீடுகளில் ஒரே ஓர் அறையில் மட்டும் தொலைக்காட்சியின் நீல ஒளி தெரிந்தது. "பயமாக இருக்கிறதா, அம்மா?" என்றோம். "பயமில்லை. ஆனால், இங்கே நான் தடுக்கி விழுந்தால் காலையில்தான் பார்ப்பார்கள்" என்றார் அவர்.

இதற்குப்பின் நம் உள்ளம் இரண்டுபட்டது. தந்தையாரும் பெரம்பூர்ப் பக்கத்திலேயே மாடியில் ஒற்றையறை வீடொன்றைப் பார்த்து வைத்தார். ஆச்சியால் ஏறவியலாத மாடி. புத்தகங்களை வைக்கவியலாத அறை. ஆயினும் அறிந்த தெரு. எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது?

இக்கலக்கத்தோடு ஒருநாள் கல்லூரி மரங்களின்கீழ் நடந்துகொண்டிருக்கையில், இக்கல்லூரியும் ஒருகாலத்தில் வீடு மாறியதன்றோ என்ற எண்ணம் தோன்றிற்று. 1837 ஆம் ஆண்டில் பள்ளியாகத் தொடங்கி, ஜார்ஜ் டவுனின் நெருக்கத்தில் வளர்ந்து, நூறாண்டு நிறைந்த 1937 ஆம் ஆண்டில் தாம்பரத்துக் காட்டிற்குக் குடிபெயர்ந்தது இது. அக்காலத்து மாணவர் சிலரேனும், ஊருக்கப்பால் முட்புதர் நடுவே கொண்டுபோய் விடுகின்றனரே என்று வருந்தியிருத்தல் கூடும். இன்று நாம் புகழும் நிழல் அன்று முழுவதும் இல்லை. வேதிநூற் பேராசிரியராய் இருந்தும் செடிகொடிகளில் பேரார்வங் கொண்ட எட்வர்டு பார்ன்சு போன்றோர் மரம் வைத்து வளர்த்த பின்னரே இந்நிழல் உண்டாயிற்று. அவர்கள் தாம்பரத்தில் நிழல் இருக்கின்றதா என்று மட்டும் ஆராய்ந்திருப்பின், கல்லூரி இன்னும் ஜார்ஜ் டவுனிலேயே இருந்திருக்கும்.

அன்று மாலை ஆச்சி வழக்கம்போல் வேதாகமம் வாசித்தார். ஆபிரகாமும் லோத்தும் பிரியும் பகுதி அன்று வந்தது. இருவர்க்கும் நிலம் போதாமையால், நீ வேண்டும் பக்கத்தைத் தெரிந்துகொள் என்று மூத்தவர் விட்டுக்கொடுக்க, இளையவன் கண்களை ஏறெடுத்து யோர்தான் சமவெளியின் நீர்வளத்தைக் கண்டு, அதனைத் தெரிந்துகொண்டான் என்பது வரலாறு. ஆச்சி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்து, "பாவி! தண்ணீரைப் பார்த்தான், அங்கே குடியிருக்கும் ஆட்களைப் பார்த்தானில்லையே" என்றார். நாமும் மலையைப் பார்த்தோம், குடைவரையைப் பார்த்தோம், மறைமலையடிகளை எண்ணினோம். தந்தையார் தண்ணீரைப் பார்த்தார். கண்ணைப் பறித்ததைக் கொண்டு ஊரைத் தெரிந்தெடுப்பதில் லோத்தினும் நாம் எவ்வகையிற் சிறந்தோம் என்று வெட்கினோம்.

ஐப்பசி பிறந்து மழை தொடங்கிற்று. நான்காம் முறை போகவேண்டிய நாளும் வந்தது. 2015 ஆம் ஆண்டு டிசம்பர் மழையில் விமான நிலையமே வெள்ளஞ் சூழ்ந்து சில நாள் மூடப்பட்டதை மறந்தார் யார்? மழையில் அத்தெரு என்னாகின்றது என்று பாராமல் குடிபுகுதல் பேதைமை. இம்முறை ஆச்சி தாமும் வருவதாகக் கூறிப் புறப்பட்டார். இரயிலில் சன்னலோரம் அமர்ந்து, கிண்டி கடந்து பரங்கிமலை தோன்றியதும், தோமாவின் பெயரால் விளங்கும் அம்மலையை நோக்கிக் கைகுவித்தார்.

தெருவில் தண்ணீர் கணுக்கால் அளவே நின்றது; அதுவும் வடிந்துகொண்டிருந்தது. தந்தையார் அதனை நோக்கித் தலையசைத்தார். நாம் மூவரும் வீட்டினுள் சென்று கூரை ஒழுகுகின்றதா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். சிறிது நேரங் கழித்துத் திரும்பிப் பார்க்க, ஆச்சியைக் காணவில்லை.

ஓடிவந்து வாயிலில் நின்று நோக்கினோம். எதிர்வீட்டு முற்றத்துக் கொடியில் உலர்த்தியிருந்த துணிகள் மழையில் நனைந்துகொண்டிருந்தன. அடைத்திருந்த இரும்புக் கதவின் தாழைத் தாமே நீக்கி உட்புகுந்து, எழுபத்திரண்டு அகவை நிறைந்த நம் ஆச்சி, யாருடையன என்றும் அறியாத துணிகளை வாரித் தோளிற் போட்டுக்கொண்டு, "வீட்டில் யாரம்மா? துணியெல்லாம் நனைகிறதே!" என்று தெருமுழுதும் கேட்கக் கூவிக்கொண்டிருந்தார். நாமோ, இவர் நம்மை நாணச் செய்துவிட்டாரே என்று நடுங்கினோம். கதவு திறந்தது. ஊன்றுகோலுடன் ஒரு மூதாட்டி மெல்ல வெளியே வந்தார்.

பின்னர் நடந்தவற்றைச் சுருக்கிக் கூறுதும். அம்மூதாட்டியார் தெலுங்கர், நெல்லூர்ப் பக்கத்தவர். அவர் கணவர் அரசு வேலையில் இருந்து, 1980 ஆம் ஆண்டளவில் மனை வாங்கி அவ்வீட்டைக் கட்டினார், இப்பொழுது இல்லை. மக்கள் இருவர், ஒருவர் அமெரிக்காவிலும் ஒருவர் பெங்களூரிலும் உள்ளனர். முழங்கால் வலியால் மழை வருவது தெரிந்தும் அவரால் எழுந்து வர இயலவில்லை. நமக்கெல்லாம் காப்பி வைக்கவேண்டுமென்று அவர் அடம்பிடிக்க, ஆச்சியே அடுப்படிக்குச் சென்று காப்பி வைத்தார். "மிகவும் அமைதியான தெரு என்றார்கள்" என்று தந்தையார் பேச்செடுத்தார். அவ்வம்மையார் சிரித்து, "அமைதியா? ஆள் இல்லை சாமி. இந்த வரிசையிலே எட்டு வீடு. ஐந்து வீட்டிலே என்னைப்போல் கிழங்கள். பிள்ளைகள் இருந்தபோது இந்தத் தெருவிலே தூங்க முடியாது, அவ்வளவு சத்தம்" என்றார். மணி அடித்தால் ஏன் கதவு திறப்பதில்லை என்று நாம் கேட்கவில்லை. அவரே கூறினார்: "யார் வந்தாலும் கதவைத் திறக்காதே என்று பையன் போனிலே சொல்லிக்கொண்டே இருக்கிறான்."

அப்பொழுதுதான் நடுவளையத்து ஊர்களின் அமைதி எத்தகையது என்பது நமக்கு விளங்கிற்று. உழைத்து, கடன்பட்டு, வேப்பமரம் வைத்து வீடு கட்டினர் ஒரு தலைமுறையார். அவ்வீடுகளில் படித்து முன்னேறிய அடுத்த தலைமுறையார் வேலையை நாடிப் பறந்தனர். கூடு இருக்கின்றது, குஞ்சுகள் இல்லை. வீடு தேடுவோர் வந்து நோக்கி, ஆகா, எத்துணை அமைதி என்று வியக்கின்றனர். நாமும் அவ்வாறே வியந்தோம். பின்னர் அதனையே வெறுத்தோம். அவ்வமைதிக்குள் ஒருவர் எழுந்து துணி எடுக்க மாட்டாமல் அமர்ந்திருப்பதை மட்டும் நான்கு முறை சென்றும் நாம் அறிந்தோமில்லை.

திரும்பும் வழியில் இரயிலில் ஆச்சி நெடுநேரம் பேசவில்லை. சைதாப்பேட்டை கடந்தபின், "நான் பெரம்பூருக்கு வந்த புதிதில் என்னோடு யார் பேசினார்கள் என்று நினைக்கிறாய்?" என்றார். "ஆறு மாதம் ஒருவரும் பேசவில்லை. என் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்கள். கிறிஸ்துமசுக்கு முறுக்கு சுட்டு, கேட்காமலே வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தத் தையற்காரர் அப்பொழுது சின்னப் பையன்; இரண்டு முறுக்கு அதிகமாக வாங்கிக்கொண்டு ஓடினான்." சிறிது நேரம் சன்னல் வழியே மழையை நோக்கினார். பின்னர், "அந்த ஊரிலே தூக்க நாலு பேர் உண்டா என்று உங்களைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். அந்த அம்மாளுக்கு அந்தத் தெருவில் நாலு பேர் இல்லை. நாம் எத்தனை பேர், ராசா?" என்றார்.

நாம் நால்வர் என்பதை எண்ணிப் பார்க்க நமக்கு நெடுநேரம் வேண்டவில்லை. தாயாரே முதலில், "சரி, அத்தை, அங்கேயே போகலாம்" என்றார். மூன்று மணிநேரப் பயணத்தைத் தாமே ஏற்கவேண்டியவர் அவர். ஆதலால், அச்சொல்லைக் கூறும் உரிமையும் அவர்க்கே இருந்தது.

தைத் திங்களில் பல்லாவரத்திற்குக் குடிவந்தோம். பெரம்பூரில் சாமான்களை லாரியில் ஏற்றியவர் அந்நால்வரே. தையற்கடைப் பாய், தாத்தாவின் சாய்வுநாற்காலியை வேறொருவரும் தொடவிடாது தாமே தூக்கி வைத்தார். பழைய சபையினின்றும் மாற்றுக் கடிதம் வாங்கும்போது ஆச்சி அழுதார். கீழ்ப்பாக்கத்துக் கல்லறைத் தோட்டம் இப்பொழுது நமக்குத் தொலைவாயிற்று; மே மாதத்தில் மட்டும் போகின்றோம்.

எல்லாம் நலமே முடிந்தது என்று எழுதினால் பொய்யாகும். தாயார் விடியுமுன் புறப்படுகின்றார். மாலையில் திரும்புங்கால் முகம் வாடியிருக்கின்றது. நமக்கு மிச்சமான நேரம் அவரிடமிருந்து பெற்ற கடன் என்பதை மறவாதிருக்கும்பொருட்டு, காலையில் தண்ணீர்க் கேன் தூக்குவதும் பாத்திரம் துலக்குவதும் நம் வேலையாயின. வானூர்தி இன்னும் பேச்சை அறுக்கின்றது. தெருவிலுள்ள எட்டு வீடுகளுள் நான்கே நமக்குக் கதவு திறக்கின்றன. மற்றையவற்றிற்கு ஆச்சி முறுக்கோடு காத்திருக்கின்றார். எதிர்வீட்டு அம்மையார்க்குத் தமிழ் அரைகுறை; ஆச்சிக்குத் தெலுங்கு அறவே இல்லை. எனினும், பகல் முழுதும் இருவர் குரலும் தெருவில் கேட்டவண்ணம் இருக்கின்றன. வீடு பார்க்க வருவோர் எவரும் இனி இத்தெருவை மிக அமைதியானதென்று கூறார்.

தோழர்களே! நம்முட் பலர் படிப்பு முடித்து, வேலை பெற்று, குடியிருக்க ஊர் தேடும் காலம் தொலைவில் இல்லை. நீரைப் பாருங்கள், நிலத்தைப் பாருங்கள், இரயிலையும் வாடகையையும் பாருங்கள். இவை பாராது போதல் மடமை. இரவிலும் பாருங்கள், மழையிலும் பாருங்கள். இவ்வளவும் பார்த்தபின், அவ்வூர் நமக்குத் தக்கதா என்று கேட்பதோடு, அவ்வூர்க்கு நாம் தக்கவரா என்றும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். முன்னைய வினாவிற்கு விடை காண நமக்கு நான்கு பயணம் வேண்டியிருந்தது. பின்னைய வினாவிற்கு, நனைந்துகொண்டிருந்த துணிகளை எடுத்து ஆச்சி விடை கூறினார்.